லாகின் நோடில் ஓடுகிறது, ஜாபில் ஓடவில்லை: வாசகர் கேள்விகள்

போன இதழில், கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கும் கிளஸ்டர்களில் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்ப உதவும் பைதான் மென்பொருள்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஃபயர்வொர்க்ஸ், ஸ்னேக்மேக், பார்ஸ்ல் மூன்றையும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: நிறுவ முடியவில்லை, அல்லது நிறுவிய பிறகு ஓடவில்லை. நான் 16 வருடமாக ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அட்மினாக இருக்கிறேன். இதே கேள்விகள் என் மேசைக்குத் தினமும் வருகின்றன. ஆகவே இந்த மாதப் பக்கத்தை முழுவதும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: கிளஸ்டர் என்பது ஒரே வலையில் சேர்ந்து வேலை செய்யும் பல கணினிகளின் கூட்டம், அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். நாம் உள்ளே நுழையும் கணினி லாகின் நோட், கணக்குகள் ஓடுவது கம்ப்யூட் நோடுகளில். அங்கே ஓட அனுப்பும் வேலைதான் ஜாப், முறை வரும்வரை அது நிற்கும் வரிசை க்யூ.

*

வணக்கம் மேடம். எங்கள் துறையின் கிளஸ்டரில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதில் ஃபயர்வொர்க்ஸை பிப் (பைதான் மென்பொருள்களை நிறுவும் கருவி) மூலம் நிறுவினேன். லாகின் நோடில் எல்லாக் கட்டளைகளும் ஓடுகின்றன. 'க்யூலாஞ்ச்' கொடுத்தால் ஜாப் க்யூவுக்குப் போகிறது, ஆனால் இரண்டே விநாடியில் முடிந்துவிடுகிறது. எரர் ஃபைலில் 'ஆர்லாஞ்ச்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஒரே ஒரு வரி. நான்கு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன். இதே மாதிரி நிறுவிய என் தோழிக்கு அவள் கல்லூரியில் பிரச்சினையே இல்லை. அங்கே ஸ்லர்ம், இங்கே பிபிஎஸ்.
— வேதியியல் ஆய்வு மாணவி, கோவை

ஐந்தாவது முறை நிறுவ வேண்டாம். உங்கள் நிறுவலில் பழுது எதுவும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே ஸ்லர்ம், இங்கே பிபிஎஸ் என்று, விஷயமே அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஜாபுகளை வரிசைப்படுத்திக் கம்ப்யூட் நோடுகளுக்கு அனுப்பும் மென்பொருள்கள், ஆனால் அனுப்பும் விதம் வேறு.

என்விரான்மென்டை, அதாவது நீங்கள் நிறுவியவற்றைத் தனியாக வைத்திருக்கும் ஃபோல்டரை, நீங்கள் ஆக்டிவேட் செய்யும்போது முக்கியமாக ஒன்று நடக்கிறது. கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், ஒரு பட்டியல் வைத்திருக்கும். 'பாத்' என்று சொல்வது அதைத்தான். அந்தப் பட்டியலில் உங்கள் ஃபோல்டர் முதலிடத்துக்கு வருகிறது, அதுவும் அந்த ஒரு ஜன்னலில் மட்டும். ஸ்லர்மில் 'எஸ்பேட்ச்' கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாதவரை, அது அந்த ஜன்னலின் சூழலை அப்படியே ஜாபோடு கட்டி அனுப்பிவிடும். உங்கள் தோழி ஆக்டிவேட் செய்த ஜன்னலிலிருந்தே அனுப்புகிறார், அதனால் அவருக்கு ஓடுகிறது. பிபிஎஸ்ஸின் 'க்யூசப்' அப்படிச் செய்யாது. வேறொரு கணினியில் புதிதாக ஒரு ஷெல்லைத் திறந்து, உங்கள் ஸ்கிரிப்டை அதன் கையில் கொடுக்கும். அந்த ஷெல்லுக்கு உங்கள் என்விரான்மென்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் ஜாபுக்குள் வேலையைத் தொடங்கும் ஆர்லாஞ்ச் என்ற கட்டளை அதற்குக் கிடைக்கவில்லை.

கேபிட்டல் 'வி' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பிபிஎஸ்ஸும் சூழலைச் சுமந்து போகும். பலர் அதைத்தான் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று காலை வேறு வேலைக்காக நீங்கள் ஏற்றிய மாட்யூல்களும் (கிளஸ்டரில் தயாராக வைத்திருக்கும் மென்பொருள்கள்) சேர்ந்து போய்விடும். நாளை வேறு ஜன்னலிலிருந்து அனுப்பினால் ஓடாது, ஏன் என்றும் புரியாது. ஜாபுக்கு என்ன வேண்டுமோ அதை ஜாபுக்குள்ளேயே எழுதிவிடுவதுதான் நல்லது. உங்கள் தோழிக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஃபயர்வொர்க்ஸில் அதற்கு இடம் இருக்கிறது. 'மை க்யூஅடாப்டர்' என்ற யாமல் அமைப்பு ஃபைலைத் திறந்தால் 'ப்ரீ ராக்கெட்' என்று ஒரு வரி, எதிரே 'நல்' என்று காலியாக இருக்கும். அந்த இடத்தில், பைதானை மாட்யூலாக ஏற்றியிருந்தால் முதலில் அந்த 'மாட்யூல் லோட்', ஓர் அரைப்புள்ளி, அப்புறம் 'சோர்ஸ்', அதற்குப் பின் உங்கள் என்விரான்மென்டின் ஆக்டிவேட் ஃபைல் இருக்கும் முழுப் பாதை. அவ்வளவுதான். மறுபடி க்யூலாஞ்ச் கொடுத்ததும், 'எஃப்டபிள்யூ சப்மிட்' என்ற ஸ்கிரிப்ட் உருவாகிக் கிடக்கும். திறந்து பாருங்கள், நீங்கள் எழுதிய வரி ஆர்லாஞ்சுக்கு மேலே வந்திருக்க வேண்டும். பார்ஸ்ல் வைத்திருப்பவர்கள் இதே வரியை 'வொர்க்கர் இனிட்' என்ற இடத்தில் எழுத வேண்டும்.

இதற்கு முன்னால், எந்த மென்பொருளாக இருந்தாலும், ஒரு சின்னச் சோதனை ஜாப் அனுப்பிப் பார்க்கச் சொல்வேன். நான்கே வரி. முதல் வரி 'ஹோஸ்ட்நேம்'. இரண்டாவது 'விச் பைதான்'. மூன்றாவது அந்தப் பைதானின் பதிப்பு. நான்காவது, நீங்கள் நிறுவியதை இம்போர்ட் செய்து, அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று அச்சிடச் சொல்லும் வரி. இதே நான்கையும் லாகின் நோடில் கையால் அடித்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் இயற்பியல் துறையிலிருந்து ஒரு தம்பி சாயங்கால நேரத்தில் என் அறைக்கு வந்தார். ஒன்பது நாளாக நிறுவுகிறார், அழிக்கிறார், நிறுவுகிறார். இந்த ஜாபை அவர் கையாலேயே அனுப்பச் சொன்னேன். அவுட்புட் ஃபைல் வந்தது. முதல் வரியில் கம்ப்யூட் நோடின் பெயர். இரண்டாவது வரியில் அவருடைய ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டத்தின் சொந்தப் பைதான். மூன்றாவது வரியில் 2.7.5. அது சென்டோஸ் 7-உடன் வரும் பைதான். அவர் எழுதிய நிரலோ முழுக்க பைதான் 3. திரையில் அந்த எண் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் முழுக்க அவர் லாகின் நோடைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார். பழுது இருந்த கணினியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

*

மேடம், உயிர்த் தகவலியல் படிக்கிறேன். பிப் வழியாக ஸ்னேக்மேக் நிறுவினேன். 'சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்றே வந்தது. ஆனால் பயிற்சிக் கையேட்டில் உள்ளபடி 'எக்ஸிக்யூட்டர் ஸ்லர்ம்' என்று ஆப்ஷன் கொடுத்தால் 'அன்ரெகக்னைஸ்டு ஆர்கியுமென்ட்ஸ்' என்கிறது. கையேடு தவறா?
— முதுகலை மாணவர், சென்னை

கையேடு சரி. உங்களிடம் இருப்பது பழைய ஸ்னேக்மேக். பதிப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள், 8-க்குக் கீழேதான் காட்டும்.

ஜாபுகளை எதன் வழியாக அனுப்புவது என்று சொல்லும் 'எக்ஸிக்யூட்டர்' என்ற முறை 2023 டிசம்பரில் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து இப்போதைய வடிவத்துக்கு வந்தது. அந்தப் பதிப்புக்கு பைதான் 3.11 அல்லது அதற்கு மேல் வேண்டும். உங்கள் கிளஸ்டர் ராக்கி லினக்ஸ் 8, அல்மா லினக்ஸ் 8 மாதிரி ரெட்ஹேட் 8 குடும்பமாக இருந்தால், சும்மா 'பைதான் 3' என்று அடித்தால் கிடைப்பது பெரும்பாலும் 3.6. பைதானை உருவாக்குபவர்களே 2021 டிசம்பரோடு 3.6-ஐக் கைவிட்டுவிட்டார்கள். பிப் என்ன செய்யும் என்றால், உங்கள் பைதானுக்குப் பொருந்தும் பதிப்புகளில் எது புதிதோ அதைத் தேடி எடுத்துப் போட்டுவிடும். 3.6-க்குப் பொருந்துவது பல வருடப் பழசு. இதில் எரர் எதுவும் வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமாகிறது.

சிஸ்டம் பைதானைத் தொட வேண்டாம், அதை மாற்றித்தரும்படி அட்மினையும் கேட்க வேண்டாம். அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பியே இருக்கின்றன. மினிஃபோர்ஜ் அல்லது மைக்ரோமாம்பாவை (இரண்டும் கோண்டா வகைப் பொட்டலங்களை நிறுவும் கருவிகள்) உங்கள் இடத்தில் நிறுவுங்கள். ரூட் அனுமதி தேவையில்லை. பைதான் 3.12-ஐ வைத்து ஒரு என்விரான்மென்ட் உருவாக்கி, கோண்டா ஃபோர்ஜ், பயோகோண்டா என்ற இரண்டு சேனல்களையும் (பொட்டலங்கள் கிடைக்கும் இணையக் களஞ்சியங்கள்) சொல்லி, அதில் ஸ்னேக்மேக்கை நிறுவுங்கள். கூடவே ஸ்லர்முக்கான எக்ஸிக்யூட்டர் ப்ளக்இன்னையும் அதே என்விரான்மென்டில் போட வேண்டும். 8-ஆம் பதிப்பிலிருந்து அது தனிப் பொட்டலம், தானாக வராது. பழைய கையேடுகளில் பார்க்கும் 'கிளஸ்டர்' என்ற ஆப்ஷனை 8-இல் எடுத்துவிட்டார்கள், அதைத் தேட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. முதலில் நிறுவியபோது 'டீஃபால்டிங் டு யூசர் இன்ஸ்டாலேஷன்' என்று ஒரு வரி ஓடியிருக்கலாம், கவனித்தீர்களா? அப்படியானால் பழைய ஸ்னேக்மேக் உங்கள் ஹோமில் '.லோக்கல்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. புதியதை நிறுவிய பிறகும், பாதையில் அது முன்னால் இருந்தால் பழையதே ஓடும். 'விச் ஸ்னேக்மேக்' கேளுங்கள். '.லோக்கல்' என்று வந்தால், எந்தப் பைதானால் நிறுவினீர்களோ அதே பைதானின் பிப்பைக் கொண்டு அதை நீக்குங்கள். இனிமேல் வெறும் 'பிப்' என்று அடிக்காமல், 'பைதான்', 'எம்' ஆப்ஷன், அப்புறம் 'பிப்' என்று அடித்துப் பழகுங்கள். எந்தப் பைதானைக் கூப்பிடுகிறீர்களோ அதற்குள்தான் நிறுவும் என்று அப்போது நிச்சயமாகத் தெரியும். என் மாணவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

*

ஃபயர்வொர்க்ஸுக்காக மோங்கோடிபி தரவுத்தளத்தை லாகின் நோடிலேயே ஓடவிட்டிருக்கிறேன். அந்தத் தரவுத்தளத்தோடு பேசும் 'எல்பேட்' கட்டளைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஜாபும் அரை நிமிடம் சும்மா நின்றுவிட்டு 'சர்வர் செலக்‌ஷன் டைம்அவுட்' என்று இறந்துவிடுகிறது. லாஞ்ச்பேட் ஃபைலில் ஹோஸ்ட் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
— இயற்பியல் உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

மாற்றத்தான் வேண்டும் ஐயா. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'நான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கணினி' என்று பொருள். லாகின் நோடில் அதைச் சொன்னால் லாகின் நோட். கம்ப்யூட் நோடில் ஓடும் ஜாப் அதைச் சொன்னால் அந்தக் கம்ப்யூட் நோட். அங்கே மோங்கோடிபி இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 30 விநாடியில் கைவிடுகிறது. நீங்கள் பார்த்த அரை நிமிடம், பைதானை மோங்கோடிபியோடு இணைக்கும் பைமோங்கோவில் வழக்கமாக அமைந்திருக்கும் காத்திருப்பு நேரம்.

ஹோஸ்டை லாகின் நோடின் உள்வலைப் பெயராக மாற்றினாலும் உடனே ஓடிவிடாது. மோங்கோடிபி 3.6-இலிருந்து, வேறு எதுவும் சொல்லாவிட்டால், தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பதில் சொல்லும். அதன் அமைப்பு ஃபைலில் 'பைண்ட் ஐபி' என்ற இடத்தில் உள்வலை முகவரியையும் சேர்க்க வேண்டும். 27017 என்ற போர்ட் கம்ப்யூட் நோடுகளுக்குத் திறந்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்யும் முன், தயவுசெய்து, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம் என்று அமையுங்கள். 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். லாகின் நோட் வெளியுலகத்தைப் பார்த்து நிற்கும் கணினி. உங்கள் மாணவர்களின் இரண்டு வருட உழைப்பை அதில் திறந்து வைக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், தரவுத்தளத்தை லாகின் நோடில் ஓடவிடவே வேண்டாம். அட்மினிடம் கேட்டு, உள்வலையில் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷின் வாங்கி அதில் வையுங்கள். கம்ப்யூட் நோடிலிருந்து எந்தத் தரவுத்தளத்தையும் எட்ட முடியாத கிளஸ்டர்களும் உண்டு. அதற்கு ஃபயர்வொர்க்ஸிலேயே ஆஃப்லைன் முறை இருக்கிறது. க்யூஅடாப்டரில் ஆர்லாஞ்ச் வரியின் கடைசியில் 'ஆஃப்லைன்' ஆப்ஷனைச் சேர்த்து, க்யூலாஞ்சை 'ஆர்' ஆப்ஷனோடு, அதாவது ரிசர்வேஷன் முறையில், கொடுங்கள். ஜாப் தன் நிலவரத்தைத் தன் ஃபோல்டரிலேயே ஒரு ஜேசான் ஃபைலில் எழுதி வைக்கும். அப்புறம் லாகின் நோடிலிருந்து 'எல்பேட் ரெகவர் ஆஃப்லைன்' கொடுத்தால் தரவுத்தளத்தில் ஏறிவிடும். ஜாபுகள் ஓடும் காலம் முழுக்க இதை அவ்வப்போது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

*

பாதி நிறுவும்போது 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று நிற்கிறது. பார்த்தால் 6 ஜிபி காலியாகத்தான் இருக்கிறது!
— மதுரை

கோட்டாவில், அதாவது உங்களுக்கு ஒதுக்கிய அளவில், இரண்டு கணக்கு உண்டு. ஒன்று இடம், மற்றொன்று ஃபைல்களின் எண்ணிக்கை. கோண்டா என்விரான்மென்ட் ஒன்றே பல பத்தாயிரம் சின்னச் சின்ன ஃபைல்களைக் கொட்டும், அதனால் இடம் இருக்கும்போதே எண்ணிக்கை தீர்ந்துபோகும். 'கோட்டா' கட்டளையின் விடையில் 'ஃபைல்ஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். கோண்டா, பிப் இரண்டின் கேஷையும் முதலில் காலி செய்யுங்கள், பலருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

இடம் போதவில்லை என்று ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் மட்டும் நிறுவிவிடாதீர்கள். பல மையங்களில் ஸ்க்ராட்ச்சில் குறிப்பிட்ட நாள் தொடப்படாத ஃபைல்கள் தானாக அழிக்கப்படும். என்விரான்மென்டில் அடிக்கடி படிக்கப்படும் ஃபைல்கள் தப்பித்து, மற்றவை போய்விடும். ஒரு மாதம் கழித்து, நேற்று வரை ஓடியது இன்று ஏதோ ஒரு பைதான் நிரல்பகுதி இல்லை என்று நிற்கும். பாதி அழிந்த என்விரான்மென்டைப் போல மனிதரைக் களைப்படைய வைப்பது வேறு இல்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டர் என்று ஒன்று இருந்தால் அதில் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆப்டெய்னர் என்ற கருவியில் கன்டெய்னராகக் கட்டிவிடலாம். எத்தனை ஆயிரம் ஃபைல் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஃபைல்தான்.

*

ஸ்னேக்மேக்கை டிமக்ஸில் (நாம் வெளியேறிய பிறகும் நிரல்களை ஓடவிடும் கருவி) ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அந்த செஷனே இல்லை. யாராவது அழித்திருப்பார்களா?
— பெங்களூரு

நேற்றுப் போன அதே லாகின் நோடுக்குத்தான் இன்றும் போனீர்களா என்று பாருங்கள். பெரிய கிளஸ்டர்களில் ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு, நான்கு லாகின் நோடுகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் எது காலியோ அதற்கு அனுப்பும். டிமக்ஸ் செஷன் ஒரு நோடில் மட்டும்தான் வாழும். மாலையில் கிளம்பும் முன் 'ஹோஸ்ட்நேம்' அடித்து வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் அந்த நோடின் பெயரைச் சொல்லியே எஸ்எஸ்எச் செய்யுங்கள். அதிலும் இல்லையென்றால், லாகின் நோடில் நீண்ட நேரம் ஓடுபவற்றை நிறுத்தும் விதி உங்கள் மையத்தில் இருக்கலாம். அப்போது ஸ்னேக்மேக்கையே ஒரு கோர் மட்டும் கேட்கும் நீண்ட ஜாபாக அனுப்பலாமா என்று அட்மினைக் கேளுங்கள். எங்கள் மையத்தில் நாங்கள் அதற்கு அனுமதி தருகிறோம்.

*

அட்மினுக்கு மின்னஞ்சல் போட்டால் பதிலே வருவதில்லை, வந்தாலும் 'விவரம் அனுப்பவும்' என்று ஒரு வரி. எப்படி எழுதினால் உதவுவார்கள்?
— பொறியியல் ஆய்வு மாணவர், சேலம்

இந்தக் கேள்விக்காக நன்றி. நான் அந்த மின்னஞ்சல்களைப் படிக்கும் பக்கத்தில் இருப்பவள்.

காலையில் பெட்டியைத் திறந்தால் 'பைதான் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று நாலைந்து இருக்கும். கூடவே எரரின் ஒரு மூலையைக் கைபேசியில் எடுத்த படம். அதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நோட், எந்தப் பைதான், எந்த ஜாப் என்று கேட்டு எழுத வேண்டும், அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும், அதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும்.

எரரைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். ஜாப் எண்ணைக் கொடுங்கள், அது இருந்தால் எந்த நோடில், எத்தனை மணிக்கு, எப்படி முடிந்தது என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். உங்கள் ஸ்கிரிப்டும் எரர் ஃபைலும் இருக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். மேலே கோவை மாணவிக்குச் சொன்ன அந்த நான்கு வரி ஜாபின் விடையையும், லாகின் நோடில் அதே நான்கு வரிகளுக்கு வந்த விடையையும் சேர்த்து ஒட்டுங்கள். முன்பு ஓடிக்கொண்டிருந்ததா, எந்த நாளிலிருந்து நின்றது என்று ஒரு வரி. நீங்களாகச் சரிசெய்ய என்னென்ன முயன்றீர்கள் என்று ஒரு வரி. பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப வேண்டாம், எந்த அட்மினுக்கும் அது தேவைப்படாது.

போன மாதம் ஒரு மாணவி இந்த எல்லாவற்றையும் வைத்து எழுதியிருந்தார். படித்து முடிக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது. அவர் கேட்ட பைதான் மாட்யூல் புதிதாகச் சேர்த்த ஆறு கம்ப்யூட் நோடுகளில் ஏறவே இல்லை. எங்கள் பக்கத் தவறு அது. மதியத்துக்குள் ஆறிலும் ஏற்றிவிட்டு அவருக்குப் பதில் எழுதினேன்.